பல்லியக்காவின் தீர்மானம்

அருங்காட்சியகத்தின் அடித்தளத்தில், ஜெனரேட்டருக்குப் பக்கத்து அறையில் வேலை பார்த்தவளைத் துப்புரவாளர் முதல் இயக்குநர் வரை எல்லோரும் பல்லியக்கா என்றே கூப்பிட்டார்கள். "பேயக்கான்னு சொல்லாம விட்டாங்களே" என்பாள் அவள். ஸ்பிரிட்டில் ஊறும் பல்லி, ஓணான், அரணைகளின் விவரங்களைக் கணினியில் ஏற்றி, பல நாடுகள் சேர்ந்து நடத்தும் ஒரு தகவல் வலையமைப்புக்கு அனுப்புவது அவள் வேலை. உலகத்தில் யாரும் அதைக் காசில்லாமல் பார்க்கலாம். அறிவு பூட்டிவைக்கிற பண்டமல்ல என்று மனதார நம்பியவள்.

அந்த நம்பிக்கையில் மண் விழுந்தது. ஒரே ஒரு பாறைமலையில் மட்டும் வாழும் நீலவால் பல்லி ஒன்று உண்டு. முன்பு கடல் தாண்டி வந்து நாட்டை ஆண்டவர்கள் அள்ளிக்கொண்டு போன பல்லிகள் இன்றும் அவர்கள் ஊர் அருங்காட்சியகத்தில் பாட்டிலுக்குள் கிடக்கின்றன. அவர்கள் மறுபடி ஆளனுப்பி, பல்லி ஒளியும் பாறையைத் துல்லியமாகக் குறித்து, வலையமைப்பின் வரைபடத்தில் ஏற்றிவிட்டார்கள். அதைப் பார்த்து வளர்ப்புப் பிராணி வியாபாரிகள் வந்தார்கள். மலைக் காவலர் போன் செய்தார்.

"அக்கா, நேரா அந்தப் பாறைக்கே வர்றானுங்க. வழிகூடக் கேக்கல."

தன் பதிவில் இடத்தை உடனே மறைத்தாள். அவர்களுடைய பதிவில் அவள் கை வைக்க முடியாது. கெஞ்சி எழுதினாள். பதில் மரியாதையாக வந்தது: வலையமைப்பு விதியை மாற்றினால் நாங்களும் மறைக்கிறோம். பல்லி இந்த மலையில். அதன் தலையெழுத்து அந்த ஊர் மேசையில்.

சரி, விதியையே மாற்றுவோம் என்று உட்கார்ந்தாள். உயிரினம் வாழும் நாடு கேட்டால், அதன் இடத்தை எல்லோரும் மறைக்க வேண்டும். இவ்வளவுதான் தீர்மானம். பல நாட்டுக்காரர்களுக்கு எழுதி ஆதரவும் திரட்டினாள். ஆனால் வலையமைப்பின் ஆட்சிக்குழுவில் அதை முன்மொழிய, அரசு பெயர் கொடுத்த பிரதிநிதிதான் எழ வேண்டும். பல்லியக்கா வெறும் தொடர்பாளர். கூட்டத்தைத் திரையில் பார்க்கலாம், பேசக் கூடாது.

கூட்டம் கடல் தாண்டி, நல்ல ஓட்டலில். ஆகவே பிரதிநிதி யார் என்பதில் வனத்துறைக்கும் அறிவியல் துறைக்கும் குடுமிப்பிடிச் சண்டை.

"யார் போனாலும் சரி சார், ஒரே பேரா அனுப்புங்க" என்றாள் அறிவியல் துறை அதிகாரியிடம்.

"அவங்கள விட்டுக்கொடுக்கச் சொல்லும்மா. காட்டுல திரியறவங்களுக்குக் கம்ப்யூட்டர் எதுக்கு?"

வனத்துறை அதிகாரி கேட்டார்: "பல்லி காட்டுல இருக்கா, கம்ப்யூட்டர்ல இருக்கா? நீயே சொல்லு."

"இப்போதைக்கு ரெண்டுலயும் இருக்கு சார். இப்படியே போனா கம்ப்யூட்டர்ல மட்டும்தான் இருக்கும்."

கெட்டிக்காரி என்று சிரித்தார். அதோடு சரி.

"ஒரு ஸ்டீயரிங்க ரெண்டு பேர் பிடிச்சா வண்டி பள்ளத்துலதான் போகும்" என்றார் வீட்டில் மெக்கானிக் கணவர். அப்படியே ஆயிற்று. இரு துறைகளும் ஆளுக்கொரு பெயரை அனுப்பின. ஒரு நாட்டுக்கு இரண்டு பிரதிநிதிகள் என்றால், தகராறு தீரும்வரை இருவருக்கும் நாற்காலியும் இல்லை, பேச்சும் இல்லை, ஓட்டும் இல்லை என்பது விதி. இருவரும் போகத்தான் செய்தார்கள். பார்வையாளர் வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள்.

திரையில் தலைவர் தீர்மானத்தைப் படித்தார். முன்மொழிபவர் யார் என்று கேட்டார். நாட்டின் நாற்காலி காலி. ஆதரவு சொன்னவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இன்னொரு நாட்டின் தீர்மானத்தைத் தாங்கள் முன்மொழிய அவர்கள் அரசு அனுமதி தரவில்லை. அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கிறோம் என்றார் தலைவர். அடுத்த ஆண்டு பல்லி இருக்காது என்று அவள் திரையோரச் செய்திக் கட்டத்தில் தட்டினாள். அந்தக் கட்டம் உறுப்பினர்களுக்கு மட்டும். எழுத்துகள் யாருக்கும் போகாமல் அங்கேயே நின்றன.

இதில் விதியை மீறியவர் ஒருவர்கூட இல்லை. தலைவர் நேர்மையானவர், செயலகம் ஒழுங்கானது, வெளிநாட்டுக்காரர்கள் பண்பானவர்கள். ஓர் உயிரினத்தை அழிக்க இத்தனை நல்லவர்கள் போதும்.

காவலர் போன் செய்தார்.

"மீட்டிங்ல என்னக்கா சொன்னாங்க?"

"அடுத்த வருஷம் பாக்கலாமாம்."

"பாறையெல்லாம் புரட்டிப் போட்டுட்டாங்கக்கா. ஒரு வாலக்கூடக் காணோம். நான் இனிமே மேல ஏறணுமா, வேணாமா?"

ஏறுங்கள் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. மறுமுனையில் அவர் காத்துக்கொண்டே இருந்தார்.