உங்க டிப்பரை இங்கே நிறுத்துங்க

1. பச்சை போர்த்திய குழி

"அந்த அம்மா லேசில் கையெழுத்துப் போடாது" என்று அலுவலகத்தில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. குறையாகத்தான் சொன்னார்கள். நான் அதை மெடல் மாதிரி குத்திக்கொண்டு திரிந்தேன். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள், எப்படி மேடம் சமாளித்தீர்கள் என்று கேட்கிறார்கள். எங்கே சமாளித்தேன்? மல்லுக்கு நின்றேன்.

நாஞ்சில் நாட்டில் வயலை நிரப்பிப் பிளாட் போடும் வெறி தலைக்கேறியிருந்த வருடங்கள் அவை. ஒரு வயல் நிரம்ப வேண்டுமென்றால் எங்கேயாவது ஒரு குன்று குழியாக வேண்டும். திருவட்டாறு பக்கம் ஒரு கிராவல் குவாரி அப்படித்தான் குழியானது. லீஸ் முடிந்ததும் குழியை மூடி, மரம் நட்டு, நிலத்தைப் பழையபடி ஆக்கித் தர வேண்டும் என்பது கண்டிஷன். அதைச் செய்தார்களா என்று பார்த்து சர்டிபிகேட் கொடுப்பது குவாரி ஆய்வாளரான என் வேலை.

போய் இறங்கியபோது கண்ணுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. சமதளமாகச் செம்மண், வரிசையாக ரப்பர் கன்றுகள். ஒரு கன்றைப் பிடித்துத் தூக்கினேன். நர்சரி கவரோடு கையோடு வந்துவிட்டது. லீஸ்காரர் சிரித்துக்கொண்டே இளநீரை நீட்டினார். எனக்கு எரிச்சல்தான் வந்தது, வாங்கவில்லை.

குழியின் மேற்கு விளிம்பில் ஓர் ஓட்டு வீடு. தங்கபாய் என்று ஒரு பெண்மணி, ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போகிறவர், கணவரோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் அதில் குடியிருந்தார். வீட்டின் பின்சுவரில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல். என்னை அங்கே கூட்டிப்போய்க் காட்டினார்.

"வெட்டின ரப்பர் மரத்துக் குத்தியும் வேரும், இடிச்ச கட்டடத்துக் கல்லுமா கொண்டு தட்டினாவ மேடம். மேல மண்ணை வாரிப் போட்டு ஜேசிபி வெச்சு நெரவினாவ, அவ்வளவுதான். ரோலரை நாங்க கண்ணால கண்டதில்ல. போன மழைக்கு வீட்டுல ஒருத்தரும் உறங்கல்ல."

மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு, தண்ணீர் விட்டு, ரோலர் ஓட்ட வேண்டும். இல்லையென்றால் மழையில் அது இறங்கும், பக்கத்து மண்ணையும் சேர்த்து இழுக்கும். சர்டிபிகேட் கொடுத்துவிட்டால் லீஸ்காரருக்கு அந்தக் குழியோடு உறவு முடிந்தது. அப்புறம் வீடு சரிந்தால் கேட்க நாதி கிடையாது. ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

2. மேலிருந்து வந்த போன்

நான் நாற்காலியில் உட்காருவதற்குள் போன் வந்துவிட்டது. என் மேலதிகாரி. சர்டிபிகேட் இல்லாவிட்டால் அந்த மனிதருக்கு அடுத்த குவாரி கிடைக்காதாம். மரம் நட்டிருக்கிறாரா இல்லையா, நட்டார் என்று எழுதினால் போதாதா என்றார்.

"மரம் நிக்குது சார். மண்ணு நிக்காது" என்றேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. நாளைக்குத் தானே நேரில் வருவதாகச் சொன்னார். தருமபுரியில் ஓர் இடம் காலியாக இருப்பதையும் போகிற போக்கில் சொல்லிவைத்தார். வீட்டில் மாமியாருக்கு உடம்பு சரியில்லாத நேரம். ஆனால் அந்த விரிசலைப் பார்த்த கண்ணோடு எப்படிக் கையெழுத்துப் போடுவது?

3. சாவி

மறுநாள் மேலதிகாரி வந்தார். லீஸ்காரர் தன் புது டிப்பரில் வந்திருந்தார். வேறெங்கோ போக வேண்டிய லோடு, நிறைய மண். வண்டி ரோட்டில் நின்றது.

"பாறை மாதிரி உறைச்சு கெடக்கு சாறே. மேடத்துக்குத்தான் என் மேல என்னவோ கோவம்" என்று ஆரம்பித்தார்.

மேலதிகாரி பைலை என் பக்கம் நீட்டினார். நான் பேனாவைத் திறந்தேன்.

"பாறைன்னு சொல்லுறீங்கல்ல, அந்த டிப்பரை லோடோட கொண்டுவந்து இந்த வீட்டுப் பக்கமா மண்ணு மேல நிறுத்துங்க. டிரைவர் வேண்டாம், நீங்களே ஓட்டுங்க. வண்டி நின்னுட்டா இப்பவே கையெழுத்து."

டிரைவர் சாவியை முதலாளியிடம் நீட்டினார். முதலாளி வாங்கவில்லை. மண்ணைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார்.

"வண்டி புதுசு மேடம்" என்றார்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற தங்கபாய் நிதானமாகக் கேட்டார்: "எங்க வீடு பழசு. அதனால நிக்கும், இல்லியா சாறே?"

மேலதிகாரி பைலை மூடி அக்குளில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார். அதன் பிறகு சர்டிபிகேட்டைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. லீஸ்காரருக்கு அடுத்த குவாரி வேண்டுமே. குப்பை முழுவதையும் தோண்டி எடுத்து, நல்ல மண் போட்டு, ரோலர் ஓட்டி, வீட்டுப் பக்கம் கருங்கல்லில் தாங்குசுவர் கட்டினார். நான் தினமும் போய் நின்றேன். வேலை முடிந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். அதே வாரம் என் டிரான்ஸ்பர் ஆர்டரும் வந்தது. தருமபுரிக்குப் போனேன். அங்கேயும் லேசில் கையெழுத்துப் போடவில்லை.

பிள்ளைகளே, எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் வாதம் பண்ணாதீர்கள். அவருடைய சொந்தப் பொருளை அதன் மேல் வைக்கச் சொல்லுங்கள். டிரான்ஸ்பர் வந்தால் வரட்டும், பெட்டியைக் கட்டுங்கள்.

ஜூன் மாதம் தருமபுரியில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. தங்கபாய் போன் பண்ணினார். ஓட்டின் மேல் மழை கொட்டும் சத்தத்தில் பாதிப் பேச்சு கேட்கவில்லை.

"இங்க நல்ல மழ மேடம். பிள்ளியள் உறங்கியாச்சு. நாங்களும் உறங்கப் போறோம். அதைச் சொல்லத்தான் விளிச்சேன்."