குளிர் அறையில் ஊமையான சென்சார்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் வெந்நீர். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரிதான் எப்போதும் நிற்பாள். அடுத்தவர் தொடங்கிய பேச்சை அவளே முடித்துவைப்பாள். ஆனால் வேலையில் புலி. மருந்து வைக்கும் குளிர் அறைகளுக்காகத் தீப்பெட்டி அளவில் ஒரு சென்சார் செய்திருந்தாள். கம்பி கிடையாது. உள்ளே குளிர் எவ்வளவு என்று அளந்து, அவ்வப்போது வெளிச்சுவரில் மாட்டிய ரிசீவருக்கு ரேடியோவில் சொல்லிவிடும்.

அதை முதலில் வாங்கியது அவளுடைய அக்கா வேலை பார்க்கும் மருத்துவமனை. அங்கே மருந்துக் கிடங்கு அக்காவின் பொறுப்பு. "என் தங்கச்சி செஞ்சது, நம்பி மாட்டலாம் சார்" என்று தன் மேலதிகாரியிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். மாட்டிய கொஞ்ச நாளிலேயே சென்சார் ஊமையாகிவிட்டது. வெளியே எடுத்துவந்து காட்டினால் ஒழுங்காகப் பேசும். உள்ளே வைத்தால் மறுபடியும் மௌனம்.

"என் சிப்புல தப்பே வராது சார். அக்கா ரிசீவரை எங்கயாவது நகத்தியிருப்பாங்க" என்று அந்த மேலதிகாரிக்குப் போனில் சொன்னவள் நம் வெந்நீர்தான். யோசித்துச் சொல்லவில்லை, வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு அக்காவைக் கிடங்கிலிருந்து மாற்றிவிடலாம் என்கிற வரை போய்விட்டது. இன்று மதியம் அதை முடிவு செய்யப் போகிறார்கள்.

செய்தி தெரிந்ததும் வெந்நீர் பதறிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடிவந்தாள். அக்கா முகம் கொடுத்துப் பேசவில்லை. தடித்த கோட்டு ஒன்றை நீட்டி, "போட்டுக்க" என்றாள். அவ்வளவுதான்.

குளிர் அறைக்குள் சென்சாரைத் தட்டினாள், திருப்பினாள், வேறு அலமாரிக்கு மாற்றினாள். ஊகூம். விரல் விறைத்துப்போக, அதைக் கைக்குள் இறுக்கிக் கோட்டுப் பைக்குள் நுழைத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். சும்மா நிற்கத்தான் அவளுக்குத் தெரியாதே. நாலு நடை நடந்திருப்பாள், வெளியே ரிசீவர் 'பீப்' என்றது. சென்சாரை அலமாரியில் வைத்தாள், கொஞ்ச நேரத்தில் அடங்கிப்போனது. மறுபடி கைக்குள் பொத்தினாள், பேசியது.

"அடிப்பாவி" என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

சிப்புக்குள் இரண்டு கடிகாரங்கள். ரேடியோவில் பேசும்போது ஓடுவது வேகமானது; தாளம் மாறாமல் துடிக்கும் ஒரு குவார்ட்ஸ் படிகத்தின் துணையில் ஓடுவதால் லேசில் பிசகாது. பேட்டரியை மிச்சம் பிடிக்க சிப் தூங்கும்போது நேரம் பார்ப்பது மெதுவான இன்னொன்று. அதற்கும் ஒரு படிகம் வைத்திருக்கலாம். சர்க்யூட் பலகையில் இடமில்லை என்று அதைத் தூக்கிவிட்டு, சிப்புக்குள்ளேயே இருக்கும் கடிகாரம் போதும் என்று விட்டிருந்தாள். குளிரில் அது தாளம் தப்பும், கைச்சூடு பட்டால் சரியாகும். வேகமான கடிகாரத்தோடு ஒப்பிட்டு அவ்வப்போது திருத்த வேண்டும். அவளோ, சென்சாரைத் தொடங்கும்போது ஒரே ஒரு முறை திருத்தினால் போதும் என்று எழுதியிருந்தாள். ரிசீவரோ குறித்த கணங்களில் மட்டும்தான் காது கொடுக்கும். விளைவு, அந்தக் கணத்தைத் தவறவிட்டு, யாரும் கேட்காத நேரத்தில் சென்சார் பேசிக்கொண்டிருந்தது.

சோதிக்காமலா விட்டாள்? சோதித்தாள். அலுவலக ஃபிரிட்ஜில் வைத்து, ஒரு டீ குடிக்கும் நேரம் பார்த்தாள். சென்சார் சில்லிடுவதற்கு முன்பே வெளியே எடுத்து, பாஸ் என்று அறிவித்துவிட்டாள்.

அறையின் குளிரை அளக்கும் வெப்பமானி தவிர, சிப்போடு சேர்ந்தே வந்த இன்னொன்று உள்ளே சும்மா கிடந்தது. இனி அது குளிர் மாறுவதைப் பார்க்கும்போதெல்லாம் கடிகாரத்தைத் திருத்து என்று, கதவோரம் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து புது புரோகிராம் எழுதி ஏற்றினாள்.

மேலதிகாரி வந்தார். "என்னம்மா, ரிசீவரை நகத்தினதுதானே காரணம்?"

"இல்ல சார். அதை யாரும் தொடல. தப்பு என் புரோகிராம்ல. அக்காவைப் பத்தி நான் பாக்காமலே சொல்லிட்டேன்." ஃபிரிட்ஜ் கதையையும் மறைக்காமல் சொன்னாள்.

"ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கலையாக்கும்" என்றாள் அக்கா, அவரைப் பார்த்தே. பிறகுதான் தங்கையின் பக்கம் திரும்பினாள். "மெஷினைச் சந்தேகப்படுறதுக்கு முன்னாடி என்னைச் சந்தேகப்பட்டியேடி."

 

"உள்ள வச்சுக் காட்டுங்க. நல்லா குளிரட்டும்" என்றார் மேலதிகாரி.

வைத்தார்கள். சென்சாரின் மூடி சில்லிட்டது, அவள் மூக்கு நுனியும் சில்லிட்டது. ரிசீவர் தவறாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் மேலதிகாரியே, "போதும்மா, கிடங்கு உங்க அக்காகிட்டயே இருக்கட்டும், நீங்க வெளிய வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் நகரவில்லை. அலமாரியில் மருந்துப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த அக்காவின் முதுகைப் பார்த்தபடி, அதே இடத்தில் நின்றாள். சென்சார் பேசத் தொடங்கிவிட்டது. அக்கா இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.