அண்ணா போட்டுத் தந்த பாதுகாப்பு

இன்னும் கோபம் அடங்கேல்லை.

கொஞ்ச நாளா வீட்டுக் கொம்பியூட்டர் சரியான ஸ்லோ. வைரஸ் ஏதும் பூந்திட்டுதோ எண்டு, இண்டைக்குப் பளையில இருந்து பஸ் ஏறிக் கிளிநொச்சியில ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனனான்.

கடைக்கார அக்கா பாத்துப்போட்டு, "தங்கச்சி, இது வைரஸ் இல்லை. நீங்கள் டைப் பண்ணுறது எல்லாத்தையும் வேற ஆருக்கோ அனுப்புற சொப்ட்வெயார். பாஸ்வேர்ட், மெசேஜ் எல்லாம் போகுது" எண்டா.

அது போற ஈமெயில் விலாசத்தையும் காட்டினா. என்ர சொந்த அண்ணான்ர!

போன வருசம் லண்டனில இருந்து வந்து நிக்கேக்க, "வைரஸ் வராமல் ஒண்டு போட்டு விடுறன்" எண்டு அவர்தான் கொம்பியூட்டருக்கு முன்னால இருந்தவர். நான் தேத்தண்ணி வேற ஊத்திக் குடுத்தனான்.

கடை வாசல்லயே நிண்டு கோல் எடுத்தன்.

"ஓம், நான்தான். பொம்பிளைப்பிள்ளை தனிய இருக்கிறாய். உன்ர பாதுகாப்புக்குத்தானே" எண்டார். ஒரு கூச்சமும் இல்லை.

"எனக்கு முப்பத்தி நாலு வயசு. பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறன். என்னை நம்பி ஒரு சிநேகிதி தன்ர வீட்டுப் பிரச்சினையை எழுதினவா. அதையும் வாசிச்சனீங்களோ?"

"அம்மாவிட்டச் சொல்லாத" எண்டார்.

கடைக்கார அக்கா எல்லாத்தையும் அழிச்சுப் புதுசா இன்ஸ்டோல் பண்ணித் தந்தா. பாஸ்வேர்டுகளை மாத்திப்போட்டன். சிநேகிதிக்கும் சொன்னன். அவா அழுதவா. அதைத்தான் என்னால தாங்க ஏலாமல் கிடக்கு.

அண்ணா, இந்தப் பதிவை எல்லாருக்கும் திறந்துதான் விட்டிருக்கிறன். ஒளிச்சிருந்து வாசிக்கத் தேவையில்லை. கொமென்ட்டில வாங்கோ, கதைப்பம்.