மஞ்சள் நூல் எந்தப் பக்கம் சரியும்

காலணி நாடா ஆலையை மூடிய அன்று மற்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். லேஸ் அக்கா ஓர் இயந்திரத்தோடு வெளியே வந்தாள். பதினெட்டு வருடம் அவள் ஓட்டிய பின்னல் இயந்திரம் அது. பழைய இரும்பு விலைக்குக் கேட்டாள், கொடுத்துவிட்டார்கள். பார்க்க உருண்டை மேசை மாதிரி இருக்கும். அதன்மேல் நூல் சுற்றிய பதினாறு பாபின்கள், எட்டு வலமாகவும் எட்டு இடமாகவும், ஒன்றையொன்று தாண்டித் தாண்டி ஓட, நடுவிலிருந்து நாடா எழுந்து வரும்.

அதை வைக்க வீட்டில் இடம் கிடையாது. பள்ளிப் பேருந்து ஓட்டும் கணவர் வேலைக்குப் போன நேரம் பார்த்துச் சாப்பாட்டு மேசையைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் இதை நிறுத்தினாள். மாலையில் வந்தவர் தட்டும் கையுமாகக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தட்டை இயந்திரத்தின் ஓரத்தில் வைத்துச் சாப்பிட்டுவிட்டு, மேசையைவிட உயரம் சரியாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். அவருக்கு மனைவியைத் தெரியும்.

அவளுடைய தம்பி பழைய கார்களைப் பிரித்துப் புதுப்பிக்கும் ஷெட் வைத்திருந்தான். ஒருநாள் ஒரு தடித்த புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். இரண்டு பேர் மட்டும் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் என்ஜின் படம் அதில் இருந்தது. என்ஜினுக்குள் தீப்பொறி தட்ட மின்சாரம் கொண்டுபோகும் வயர்களைக் காட்டினான். இப்போது கிடைப்பதெல்லாம் வழவழ ரப்பர் வயர்தான், அந்தக் காலத்தில் ரப்பருக்கு மேல் நூல் பின்னி வார்னிஷ் அடித்திருப்பார்கள் என்றான். கறுப்புப் பின்னலில் ஒரே ஒரு மஞ்சள் நூல் சுற்றிச் சுற்றிப் போவதைக் காட்டி, இப்படி யாராவது செய்து தருவார்களா என்று பெருமூச்சு விட்டான்.

அக்கா படத்தை அரை நிமிடம் பார்த்தாள். "இது ஷூ லேஸ்டா. உள்ள வயர் ஒளிஞ்சிருக்கு, அவ்வளவுதான்."

மறுநாளே பின்னினாள். கைவசம் இருந்தது ஆலையில் மிஞ்சிய பாலியெஸ்டர் நூல். படத்தில் மஞ்சள் வலப்பக்கம் சரிந்திருந்ததால் வலமாக ஓடும் பாபினில் மஞ்சளை மாட்டினாள். வார்னிஷில் முக்கித் துணிக்கொடியில் காயப் போட்டாள். துண்டு துண்டாக வெட்டிய முனைகள் பிரியாமலிருக்க, பழக்கதோஷத்தில், நாடா நுனிக்குப் போடும் கண்ணாடி மாதிரியான குப்பியையே போட்டு அழுத்தினாள். தம்பி தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத் துண்டுகளை ஒரே சுருளாகக் கட்டி ஓர் உதிரிபாகக் கடைக்காரரிடம் தள்ளிவிட்டான். அதோடு அந்தச் சுருளை இருவரும் மறந்துபோனார்கள்.

அதன்பிறகு வேலை வந்துகொண்டே இருந்தது, அக்காவும் தேறினாள். பருத்தி நூலுக்கு மாறினாள். வயருக்குள் இருக்கும் செப்பு இழைகளை எண்ணிப் பார்க்கக் கற்றாள். வார்னிஷை மூன்று முறை மெலிதாகப் பூசினால்தான் பழைய மினுமினுப்பு வரும் என்பதையும் கண்டுபிடித்தாள். கொடியில் காய்ந்த கணவரின் சீருடையில் வார்னிஷ் சொட்டிப் பழுப்புப் புள்ளிகள் விழுந்தன. பேருந்தில் பிள்ளைகள் கேட்டால் சிறுத்தை வளர்ப்பதாகச் சொல்லிக்கொள்ளும்படி அவரிடம் சொன்னாள்.

ஆறு வருடம் கழித்து வந்தார் பல் டாக்டர். புத்தகத்தில் இருந்த அதே வகைக் காரை அவர் வாங்கியிருந்தார். ஒவ்வோர் ஆண்டும் நடக்கும் பழைய கார் கண்காட்சியில் பரிசு வாங்கியே தீருவது என்று ஒற்றைக்காலில் நின்றார். தம்பி என்ஜினைக் கழற்றியபோது, ஒரு கிளிப்புக்கு அடியில், கிரீஸுக்குள் புதைந்து, விரல் நீளத்துக்குப் பழைய வயர்த் துண்டு ஒன்று கிடைத்தது. கார் பிறந்த அன்று மாட்டியது. அக்கா அதை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துப் பார்த்தாள். மஞ்சள் நூல் இடப்பக்கம் சரிந்திருந்தது.

புத்தகத்தை மறுபடி எடுத்துவரச் சொன்னாள். படத்தின் மூலையில் மங்கலாகத் தெரிந்த ஓர் அறிவிப்புப் பலகையில் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பிக் கிடந்தன. படத்தையே வலம் இடமாக அச்சடித்திருந்தார்கள்.

"அப்போ நாம முதல்ல பண்ணதெல்லாம்?" என்றான் தம்பி.

"தப்பு. யாரு பார்க்கப் போறா?"

பருத்தி நூலில், மஞ்சள் இடப்பக்கம் சரிய, புதிய வயர்களைப் பின்னிக் கொடுத்தாள். டாக்டர் அந்தப் பழைய துண்டைப் பல் செட் வைக்கும் டப்பாவில் போட்டுப் பத்திரப்படுத்திக்கொண்டார்.

கண்காட்சி ஒரு பெரிய புல்வெளியில் நடந்தது. காரைப் பார்க்கலாம் என்று அக்காவும் தம்பியோடு போயிருந்தாள். நடுவர் உயரமான மனிதர், ஓய்வுபெற்ற பொறியாளர். கழுத்தில் எப்போதும் தொங்கும் லென்ஸால் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். ஒரு திருகாணியின் தலையைப் பார்த்து மனிதரை அழவைப்பார் என்று தம்பி சொல்லியிருந்தான். பூதக்கண்ணாடி குனிந்தார், நிமிர்ந்தார், நோட்டில் எதையோ எழுதினார்.

"வயர் தப்பு. அஞ்சு மார்க் போச்சு."

டாக்டரின் முகம் விழுந்துவிட்டது. அக்காவுக்குச் சுருக்கென்றது. எது சரி என்று காட்ட முடியுமா என்று பணிவாகக் கேட்டாள். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்தார். உள்ளே வெல்வெட்டில் ஒரு சாண் வயர் படுத்திருந்தது. கார் தொழிற்சாலையிலிருந்து வந்த அசல், ஓர் உதிரிபாகக் கடையில் அதிர்ஷ்டவசமாக அகப்பட்டது என்றார். மஞ்சள் வலப்பக்கம் சரிந்தது. இரண்டு முனையிலும் கண்ணாடிக் குப்பி பளபளத்தது.

அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி வானத்தைப் பார்த்தான்.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் பதினெட்டு வருடம் ஆலையில் ஒருவரும் அவளுடைய வேலையை ஒரு வார்த்தை மெச்சியதில்லை. இவ்வளவு பெரிய மனிதர் வெல்வெட்டில் வைத்துக் கும்பிடுகிறார், கொஞ்ச நேரம் கேட்டால்தான் என்ன? பின்னல் நெருக்கமாக இருக்கிறதே என்று எடுத்துக்கொடுத்தாள். அவர் நெருக்கத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார். முனையில் இருக்கும் குப்பி எதற்கு என்று அப்பாவியாகக் கேட்டாள். அது அந்தத் தொழிற்சாலையின் தனி முத்திரை என்றும், ஈரம் உள்ளே போகாமல் காக்கும் அபாரமான யோசனை என்றும் விளக்கினார். பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிட்டார்கள்.

"இதப் பண்ணவங்க பெரிய கெட்டிக்காரங்களா இருப்பாங்க போலிருக்கே சார்."

"மேதைங்கம்மா. இன்னைக்கு உலகத்துல ஒருத்தராலயும் இப்படிப் பண்ண முடியாது."

அது போதும் என்று அவளுக்குத் தோன்றியது. தம்பியின் காலடியில் உட்கார்ந்து, அவன் நெளிய நெளிய, ஒரு ஷூவின் நாடாவை உருவினாள். அவள் பின்னிக் கொடுத்த நாடா அது. அதன் நுனியைத் தூக்கி வெல்வெட்டுக்குப் பக்கத்தில் பிடித்தாள். இரண்டு குப்பியும் ஒரே நீளம், ஒரே இடத்தில் ஒரே மாதிரி அழுத்தம்.

"இது நான் பண்ணது சார். தப்பாப் பண்ணது."

பூதக்கண்ணாடி லென்ஸைத் தூக்கி நாடாவைப் பார்த்தார், வயரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். டாக்டர் பல் செட் டப்பாவை நீட்டினார். அக்கா இரண்டு துண்டிலிருந்தும் ஒவ்வோர் இழையை உருவி, ஒரு தீப்பெட்டி கேட்டு வாங்கிக் கொளுத்திக் காட்டினாள். டப்பாத் துண்டின் இழை காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாக உதிர்ந்தது. வெல்வெட் துண்டின் இழை உருகிக் கறுப்பு மணியாகச் சுருண்டது. அந்தக் கார் செய்த காலத்தில் பாலியெஸ்டர் ஏது?

அவர் கோபப்படுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் நோட்டைத் திறந்து எழுதியதை அடித்தார். பிறகு மெல்லத் திரும்பி, வரிசையின் கடைசியில் நின்ற சிவப்புக் காரைப் பார்த்தார். மூன்று வருடமாக வயருக்கு அவர் முழு மதிப்பெண் போட்டுப் பரிசு கொடுத்த கார். அதிலும் மஞ்சள் வலப்பக்கம்தான்.

"அதுவும் நீங்களா?" என்றார் மெதுவாக.

"மிச்சச் சுருள் அங்க போயிருக்கும் போல சார்."

நேராகப் போய் அதற்கு ஐந்து மதிப்பெண் குறைத்துவிட்டு வந்தார். சிவப்புக் காரின் சொந்தக்காரர் குதித்த குதியில் புல்வெளி ஒரு பக்கம் மட்டமாகிவிட்டது என்று தம்பி பிறகு எல்லோரிடமும் சொன்னான். ஆனாலும் டாக்டருக்கு முதல் பரிசு கிடைக்கவில்லை. ஜன்னல் கண்ணாடி இறக்கும் கைப்பிடியின் குமிழ் வேறு வருடத்தது என்று பூதக்கண்ணாடி கண்டுபிடித்துவிட்டார். இரண்டாம் பரிசுக் கோப்பையைக் கட்டிக்கொண்டு டாக்டர் அக்காவின் பற்களை ஆயுளுக்கும் தாமே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். தன் பல்லெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, வேண்டுமானால் கணவரை அனுப்புகிறேன் என்றாள் அவள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பூதக்கண்ணாடி வீட்டுக்கே வந்துவிட்டார். ஒரு சாண் நீளத்துக்குச் சரியான மாதிரி வேண்டும் என்றார். தருகிறேன், ஆனால் உள்ளே பின்னலுக்கு அடியில் ஒரு சிவப்பு நூல் ஓடும், யாரும் நாளைக்கு இதை அசல் என்று விற்கக் கூடாது என்று அக்கா கறாராகச் சொன்னாள். அவர் உடனே ஒப்புக்கொண்டார். ஆனால் கிளம்பவில்லை. இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"நான் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாமாம்மா?"

பொத்தானை அமுக்கியவர் பாபின்கள் ஒன்றையொன்று தாண்டும் அழகில் சொக்கிப்போய்க் குனிந்தார். கழுத்தில் தொங்கிய லென்ஸின் கயிறு இயந்திரத்துக்குள் போய்விட்டது. அக்கா பாய்ந்து நிறுத்துவதற்குள், மூன்று அங்குலக் கயிறு வயரோடு சேர்ந்து மிக நேர்த்தியாகப் பின்னப்பட்டிருந்தது. காலைச் சாப்பாட்டுத் தட்டோடு வந்த கணவர், தன் இடத்தில் ஒரு நடுவர் தலைகுப்புற மாட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். தட்டை ஜன்னலில் வைத்துவிட்டுக் கத்தரிக்கோல் எடுக்கப் போனார்.

பூதக்கண்ணாடி தலையைத் திருப்ப முடியாமலேயே பேசினார்.

"வெட்டிடாதீங்க சார். பின்னல் ரொம்ப நல்லா வந்திருக்கு."