படுத்துப் பார்த்து வாங்கிய டி.வி.

கடையில் அவரை எல்லோரும் வக்கீல் என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடமாக டி.வி. விற்கிறார். யார் வந்தாலும் முதலில் குறுக்கு விசாரணைதான். ஜன்னல் எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பீர்கள், நேர் எதிரிலா பக்கவாட்டிலா? அலுத்துப்போய்ப் பக்கத்துக் கடைக்கு ஓடியவர்களும் உண்டு. ஆனால் அவர் விற்றதில் ஒன்றுகூட "படம் சரியில்லை" என்று திரும்பி வந்ததில்லை. அதில் மனிதருக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. இருக்கட்டுமே, கால் வீங்க நாள் முழுக்க நின்று பிழைப்பவருக்கு வேறு என்ன இருக்கிறது?

அன்று வந்தவர் ஒரு பஸ் டிரைவர். மனைவி மாடிப்படியில் விழுந்து இடுப்பு உடைந்து நான்கு மாதமாகப் படுக்கையில் இருந்தாள். அவருக்கு லீவெல்லாம் தீர்ந்துவிட்டது. மறுநாள் சேராவிட்டால் வேலையே போய்விடும்.

"எட்டு மணி நேரம் தனியா கெடப்பா சார். அவ கண்ணு முன்னாடி ஏதாவது ஓடிட்டிருந்தாத்தான் நான் நிம்மதியா ஸ்டியரிங் பிடிக்க முடியும்."

வக்கீல் இரண்டைக் காட்டினார். ஒன்றில் கறுப்பு நல்ல மை மாதிரி இருந்தது, ஆனால் பக்கவாட்டில் பார்த்தால் முகமெல்லாம் வெளுத்துப்போகும். மற்றதில் எங்கிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது, கறுப்புதான் சாம்பல் பூத்திருக்கும்.

"ரெண்டு நல்லதும் ஒண்ணுலயே வராதா?"

"வரும். ஆனா நாள் முழுக்க ஒரே சேனல் ஓடினா மூலையில வர்ற அதோட முத்திரை திரையிலயே பதிஞ்சுடும். அவங்க எப்படிப் படுத்திருப்பாங்க?"

டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டு, முதல் டி.வி.க்கு எதிரே கடைத் தரையிலேயே இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்துக்கொண்டார். வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். கேஷியர் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் யாரையும் சட்டை செய்யவில்லை. எழுந்து போய் மற்றதன் முன்னாலும் அதே மாதிரி படுத்தார்.

"இதுதான் சார். கறுப்பு போனா போகட்டும்."

டி.வி.யை மாட்டுவதற்கு ஆள் அனுப்புவதுதான் வழக்கம். அன்று வக்கீல் தானே போனார்.

சின்ன அறை. தலையணையிலிருந்து கோணம் பார்த்து மாட்டி, கடையில் கண்ணைப் பறிப்பதற்காக ஏற்றிவைத்திருந்த வெளிச்சத்தைக் குறைத்தார். டிரைவர் டீ போடப் போனார்.

"அக்கா, பச்சை தூக்கலா இருக்கா?"

"நீங்களே பாத்து வைங்க தம்பி."

"பாக்கப்போறது நீங்கதானேக்கா?"

அவள் சமையலறைப் பக்கம் காதைக் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"சர்க்கரை கண்ணுக்கு வந்துடுச்சு தம்பி. ஒரு வாரமா வெறும் வெளிச்சம்தான் தெரியுது. சொன்னா மனுஷன் வேலைக்குப் போகமாட்டார். நாளைக்குப் போய்ச் சேர்ந்துட்டார்னா, ரெண்டு நாள்ல நானே சொல்லிடறேன். ரிமோட்டுல சத்தம் கூட்டுற பட்டன் எதுன்னு என் விரலைப் பிடிச்சு வச்சுக் காட்டுங்க."

வக்கீல் அந்த விரலைப் பிடித்துப் பட்டன் மேல் வைத்தார். ஜன்னலைக் கேட்டோம், தூரத்தைக் கேட்டோம், பார்க்கப்போகிறவளின் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டோமா என்று தன் மேலேயே அவருக்கு ஆத்திரம் வந்தது. டிரைவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று வாய் துடித்தது. சொன்னால் இந்த வீட்டில் அடுத்த மாதம் அடுப்பு எரியுமா?

டிரைவர் டீயோடு வந்து மனைவியின் பக்கத்தில் குனிந்தார். "எப்படி இருக்கு?"

"பளிச்சுன்னு இருக்குங்க." முகத்தைச் சரியாகத் திரைக்கு நேராக வைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

அவருக்கு அது போதவில்லை. வக்கீலிடம் திரும்பினார். "இவ என் மனசு நோகக்கூடாதுன்னு எதையும் நல்லா இருக்குன்னுதான் சொல்லுவா. நீங்க சொல்லுங்க சார். இவளுக்கு நல்லாத் தெரியுதுல்ல?"

படுக்கையிலிருந்தவள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"நல்லாத் தெரியுதுங்க" என்றார் வக்கீல்.

டிரைவர் அங்கேயே நின்று டிப்போவுக்குப் போன் போட்டு, காலை முதல் வண்டிக்கு வந்துவிடுவதாகச் சொன்னார்.