அம்மா தீட்டிய ஒல்லிக்கத்திகள்

ஈரக் கல்லின்மேல் எஃகு வழுக்கிப்போகும் ஓசை, பட்டுத்துணியை யாரோ மிக மெதுவாகக் கிழிப்பதுபோல இருக்கும். ஈசூனில் எங்கள் அடுக்குமாடி வீட்டுச் சமையலறையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அந்த ஓசை வந்தால், அம்மா கத்தி தீட்டுகிறார் என்று பொருள். காய் நறுக்கும் கத்தி அல்ல, சவரக்கத்தி. பிடிக்குள் மடங்கிக்கொள்ளும் அந்தக் காலத்துக் கத்திகள். அவற்றிலும் அலகு குறுகியவையாகப் பார்த்துத்தான் வாங்குவார். அவற்றுக்கு அவர் வைத்திருந்த பெயர் "ஒல்லிக்கத்தி".

சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில், ஓடாத கடிகாரங்களுக்கும் ஜோடி பிரிந்த காலணிகளுக்கும் நடுவே துருவேறிக் கிடப்பவற்றை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, அலகின் நுனியிலிருந்து அடிவரை கண்ணை ஓடவிட்டு, விரிசல் இருந்தால் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். நல்லதாக அமைந்தால் வீட்டுக்கு வந்ததும் எண்ணெய் தடவி ஊறவைத்து உப்புத்தாளால் துருவை எடுப்பார். மடக்கும்போது அலகு ஒரு பக்கம் சாய்ந்து பிடியில் உரசினால், பழைய ஆணியைக் கழற்றிவிட்டுப் புதுப் பித்தளைக் கம்பியைச் செருகிச் சின்னச் சுத்தியலால் தட்டுவார். கல் அதற்கப்புறம்தான். கத்தியின் முதுகும் கூரும் சேர்ந்தாற்போலக் கல்லில் படியவேண்டும், முதுகு தேய்ந்துவிடாமலிருக்க அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டியிருக்கவேண்டும். அகலக்கத்தி சொன்னபடி கேட்கும், ஒல்லிக்கத்தியில் விரல் கொஞ்சம் அழுந்தினாலும் கூர் கோணிவிடும் என்று அப்பாவிடம் ஒருமுறை அவர் சொன்னார். அப்பா பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்தவர், இரும்பைப் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடியவர். ஆனால் அந்தப் பேச்சு வந்ததும் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார்.

எனக்குப் புரியாதது, இந்தக் கத்திகள் யாருக்காக என்பது. அப்பா கடையில் வாங்கும் பிளாஸ்டிக் ரேசரால்தான் சவரம் செய்துகொள்வார். எங்கள் வீட்டில் வேறு ஆண் கிடையாது. அம்மா கத்திகளை விற்கவும் இல்லை. கேட்டால், "சும்மா லா, கைக்கு ஒரு வேலை" என்பார்.

அதைவிடக் குழப்பம், அவற்றை ஒளித்துவைப்பது. மக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் அடுத்த வீட்டு மலாய்க்கார அம்மா வந்தால் அம்மா பாட்டுக்குத் தீட்டிக்கொண்டே பேசுவார், மக்சிக்கும் அருகில் வந்து பார்ப்பார். அப்பாவின் அண்ணன், அதாவது என் பெரியப்பா, குடும்பத்தோடு சிராங்கூனிலிருந்து வருகிறார் என்றால் மட்டும் கல், கூரைப் பதமாக்கத் தடவும் தோல்வார், கத்தி எல்லாம் பிஸ்கட் டின்னுக்குள் போய், டின் கட்டிலுக்கடியில் போய்விடும். பெரியப்பா ஒரு வாய் காப்பி மட்டும் குடிப்பார். எவ்வளவு சமைத்திருந்தாலும் "வயிறு சரியில்லம்மா" என்றுவிடுவார். பெரியம்மா அடிக்கடி "தீட்டு", "தீட்டு" என்று எதையாவது விலக்கிவைப்பவர். ஆக, அம்மா தீட்டுவதைத்தான் பெரியம்மா வேண்டாம் என்கிறார் என்று நானாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். அப்பாவிடம் கேட்டபோது அவர் தந்த பதில் இன்னும் குழப்பியது. "இங்க யாரும் அதெல்லாம் பாக்கறதில்ல. ஆனா நாமளா சொல்லவும் வேணாம்." எது அந்த "அதெல்லாம்" என்று அவர் சொல்லவில்லை.

நான் தொடக்கப்பள்ளி முடிக்கும் சமயத்தில் பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வாயின் ஒரு பக்கம் கீழே இழுத்துக்கொண்டது, பேச்சு குழறியது. தினமும் மழமழவென்று சவரம் செய்து, பவுடர் போட்டு வேலைக்குப் போன மனிதருக்குத் தாடி காடாக வளர்ந்தது. பெரியம்மா ரேசரால் முயன்று, தொங்கிப்போன கன்னத்தில் வெட்டிவிட்டார். அதிலிருந்து பெரியப்பா யாரையும் தன் முகத்தருகே விடவில்லை. மின்சார ரேசர், வரவழைத்த ஆள் எல்லாவற்றையும் நல்ல கையால் தள்ளிவிட்டார். அந்த நிலையில்தான் அவருடைய ஒரே மகள் மல்லிகா அக்காவுக்குத் திருமணம் வந்தது. இந்த முகத்தோடு கோயிலுக்கு வரமாட்டேன் என்று பெரியப்பா சைகை காட்டிவிட்டார். தன் அப்பா தாரை வார்க்காமல் தனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று அக்கா அழுதுகொண்டிருந்தார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் அம்மா ஓர் ஒல்லிக்கத்தியை வாரில் தடவி, துண்டில் சுற்றிக் கைப்பையில் வைத்தார். அப்பா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "வேணாம்" என்றார். அம்மா செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்தப் பொண்ணு அழுவுதுங்க" என்று மட்டும் சொன்னார். ரயிலில் மூவரும் போனோம். வழிநெடுக அப்பா சன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

பெரியப்பா வீட்டுக் கூடம் முழுக்க உறவினர்கள். அம்மா நேராகப் போய் வெந்நீர் கேட்டு வாங்கி, துண்டை நனைத்துப் பிழிந்து, பெரியப்பாவின் முகத்தில் போர்த்தினார். அவர் தள்ளவில்லை. துண்டை எடுத்து, சோப்பைக் குழைத்துத் தடவி, கத்தியை விரித்தபோது கூடத்திலிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

"இது உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் பெரியம்மா.

அம்மா இடது கையால் தொங்கிய கன்னத்தை இழுத்துப் பிடித்தபடி, திரும்பாமல் சொன்னார். "எங்கப்பா முடி வெட்டுற கடைதான் வெச்சிருந்தாருக்கா. தேக்காவுல. சின்ன வயசுல கடையில பாத்துப் பாத்து வந்தது."

தாத்தா நான் பிறக்கும் முன்பே இறந்தவர். "கடை வைத்திருந்தார்" என்று கேட்டிருந்தேன், மளிகைக்கடை என்று நினைத்திருந்தேன். சலூன் வைத்திருந்ததில் என்ன இருக்கிறது, ஏன் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள், அப்பா ஏன் வீட்டுக்கு வெளியே நடைபாதைக்குப் போய்விட்டார் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெரியப்பா மட்டும் கண்ணை மூடித் தொண்டையை நிமிர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தக் குறுகிய அலகு மீசைக்கு மேலும், கோணிய உதட்டின் ஓரத்திலும், காதோரத்திலும் நுழைந்து நுழைந்து வெளியே வந்தது. ஒரு துளி ரத்தம் இல்லை.

முடிந்ததும் பெரியப்பா நல்ல கையால் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு, குழறினாலும் எல்லாருக்கும் கேட்கும்படி, "உங்கப்பா கை" என்றார்.

அம்மாவின் கையிலிருந்த கத்தி மடங்காமல் அப்படியே நின்றது. அப்போதுதான் பெரியம்மா, யாரையும் பார்க்காமல், சொன்னார். தங்கள் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பெரியப்பா தாத்தாவின் கடைக்குத்தான் சவரத்துக்குப் போவாராம். "உங்க கல்யாணத்துக்கு அப்புறம் அந்தப் பக்கம் போறத நிறுத்திட்டாரு. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டாரு."

அப்படியானால், யாரிடமிருந்து என் பெற்றோர் அத்தனை வருடம் மறைத்தார்களோ, அவருக்கு முதலிலிருந்தே தெரியும். தெரிந்துதான் அவர்கள் திருமணத்தை முன்னின்று நடத்திவைத்தார். தெரிந்துதான் எங்கள் வீட்டில் சாப்பிடாமல் எழுந்தார். சம்பந்தியாகிவிட்ட பெரியவர் தனக்குச் சவரம் செய்வது மரியாதையல்ல என்று கடைக்குப் போவதை நிறுத்தினாரா, இல்லை கூச்சப்பட்டு நிறுத்தினாரா? வயிறு உண்மையிலேயே சரியில்லையா? ஒரே மனிதருக்குள் இரண்டும் இருக்க முடியுமா? அன்று மதியம் ரயிலில் இவை எதையும் கேட்கத் தெரியாமல், அம்மா ஏன் அழுகிறார் என்று மட்டும் அப்பாவிடம் கேட்டேன். "தெரியலம்மா" என்றார் அவர். பொய் சொன்னதாகத் தோன்றவில்லை.

மறுநாள் பெரியப்பா வேட்டி சட்டையில், பளிச்சென்ற முகத்தோடு, பெரியம்மா கையைத் தாங்கிப் பிடிக்க, மகளைத் தாரை வார்த்தார். அதன்பிறகு அவர் இறக்கும்வரை சனிக்கிழமைகளில் அம்மா போய்ச் சவரம் செய்தார். போகும்போது குழம்போ கூட்டோ எடுத்துப்போவார், பெரியம்மா அதைத் தன் பாத்திரத்துக்கு மாற்றிக்கொண்டு எங்கள் பாத்திரத்தைக் கழுவித் தருவார். பெரியப்பா அதைச் சாப்பிட்டாரா என்று நான் பார்த்ததில்லை.

இன்று சுங்கை ரோட்டுச் சந்தை இல்லை. பெரியப்பா குடியிருந்த அடுக்குமாடிப் புளோக்கை இடித்துவிட்டு உயரமாக வேறு கட்டிவிட்டார்கள். பெரியம்மாவும் போய்விட்டார். கேட்டுத் தெளிய ஆள் இல்லை.

அப்பா போன வருடம் மருத்துவமனையில் கிடந்தபோது, தாதி மின்சார ரேசரோடு வந்து முகத்தைச் சுத்தம் செய்வார். அம்மா பக்கத்து நாற்காலியில் மடியில் கை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார். எல்லாம் தெரிந்தே அம்மாவைக் காதலித்துக் கட்டிக்கொண்டவர் அப்பா. அவர் முகத்தில் அம்மாவின் கத்தி ஒருநாளும் பட்டதில்லை என்பது அந்த அறையில்தான் எனக்கு உறைத்தது.

அப்பாவின் காரியமெல்லாம் முடிந்தபின் ஒருநாள் கேட்டேன். "அப்பாவுக்கு ஏம்மா நீங்க ஒருதடவகூடப் பண்ணல?"



"அவரு கேக்கல" என்றார் அம்மா. "நான் கேட்டு, அவரு வேணாம்னு சொல்லிட்டா என்ன செய்றதுன்னு, நானும் கேக்கல."