பதினாலாவது மேசை

மின்விசிறியை நிறுத்தினால்தான் அம்மாவின் வேலை தொடங்கும். அன்றும் நிறுத்தினாள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணி. தொம்மலூர் வீட்டின் கூடத்தில் பாயை விரித்து, அதன்மேல் நூற்றெண்பது காகிதத் துண்டுகளைப் பரப்பினாள். ஒவ்வொரு துண்டிலும் ஒரு பெண்ணின் பெயர். எட்டாம் வகுப்பு மஞ்சள், ஒன்பதாம் வகுப்பு பச்சை, பத்தாம் வகுப்பு வெள்ளை. பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் இருபது மேசைகள். மேசைக்கு ஒன்பது பேர், வகுப்புக்கு மூவராக. திங்கட்கிழமைதோறும் எல்லோருக்கும் மேசை மாறும். யார் யாரோடு உட்காருவது என்று அம்மா பாயில் தீர்மானிப்பாள். நான் எதிரில் உட்கார்ந்து கணினியில் ஏற்றுவேன்.

"ஃபேன் போடட்டுமா? வேர்க்குது."

"போடு. பறந்து போற பொண்ணுங்கள நீயே புடிச்சிட்டு வா."

முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. எண்ணிப் பார்த்தேன். நூற்றெழுபத்தொன்பது.

"ஒண்ணு குறையுதும்மா. பதினாலாவது மேசைல எட்டுதான் இருக்கு."

"தெரியும். அது என் பர்ஸ்ல இருக்கு. சாப்பிட்டு வந்து நானே வைக்கறேன். அந்த எடத்த அப்படியே வுடு."

பிறகு சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "ஏங்க, ஞாயித்துக்கெழம எனக்கு அரிசி வைக்காதீங்க."

அங்கிருந்து அப்பா கேட்டார். "இந்த வாட்டி எந்த ஊரு?"

"சந்தாபுரா."

அம்மாவின் பெயர் அம்புஜம். ஜோகுபாளையத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியின் அலுவலகத்தில் இருபத்தொன்பது ஆண்டுகள் எழுத்தராக இருந்தாள். ஆண்டுதோறும் எழுநூறு பெண்கள் நுழைவுத் தேர்வு எழுதுவார்கள். எட்டாம் வகுப்பில் இடம் அறுபது. மற்றவர்கள் ஜன்னலில் வந்து கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வது அம்மாவின் வேலை. கொண்டையில் ஒரு பென்சிலைச் செருகிக்கொண்டு மேசை முழுதும் அதைத் தேடுவாள். பெற்றோரிடம் தொலைபேசியில் கன்னடத்தில் தொடங்குவாள், கோபம் வந்தால் தமிழுக்கு மாறுவாள், சமாதானம் ஆனதும் கன்னடத்துக்குத் திரும்புவாள். தமிழ் தெரியாதவர்களுக்கும் தாங்கள் எந்த இடத்தில் திட்டு வாங்கினோம் என்பது புரிந்துவிடும்.

அந்தப் பள்ளியில் சில வழக்கங்கள் உண்டு. நுழைவுத் தேர்வின் தரவரிசையை யாருக்கும் காட்டுவதில்லை. பலகையில் அறுபது பெயர்களும் அகர வரிசையில்தான் ஒட்டப்படும். தரவரிசை எழுதிய தாள் ஒன்றே ஒன்று. ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளில், பிரார்த்தனை முடிந்ததும் தலைமையாசிரியை அதை எல்லோர் முன்னாலும் கிழிப்பார். புதிய பெண்கள் அந்தத் துண்டுகளைக் குழியில் போட்டு, மேலே ஒரு செடியை நடுவார்கள். தாள் போய்விடும். ஆனால் அதைத் தட்டச்சு செய்தவளின் தலையில் அறுபது எண்களும் இருக்கும். பெண்களுக்கு அது தெரியும்.

"ஆன்ட்டி, ப்ளீஸ், நான் எத்தனாவது? நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்."

"கேட்டுக்கு உள்ள நிக்கறியா, வெளிய நிக்கறியா?"

"உள்ள."

"அதான் உன் நம்பர். போ, பெல் அடிச்சாச்சு."

இன்னொரு வழக்கம், தட்டு. டப்பாவிலிருந்து நேராகச் சாப்பிடக் கூடாது. தட்டில் போட்டு, மேசையில் பகிர்ந்துதான் சாப்பிட வேண்டும். சாப்பிட்ட பிறகு யாரும் தன் தட்டைத் தான் கழுவக் கூடாது. வலப்பக்கம் உட்கார்ந்தவளின் தட்டைக் கழுவ வேண்டும். அம்மாவுக்கு இது வீட்டுக்கும் பழகிவிட்டது. அவளுக்கு வலப்பக்கம் என் இடம். எனக்கு முப்பத்து நான்கு வயது. அந்த வெள்ளிக்கிழமை வரை அம்மாவோடு சாப்பிட்ட எந்த நாளிலும் நான் என் தட்டைக் கழுவியதில்லை.

நான் மென்பொருள் சோதிப்பவள். மூன்று ஆண்டுகளுக்கு முன், இந்த மேசைப் பட்டியலுக்கு ஒரு நிரல் எழுதிக் கொடுத்தேன். விதிகளைக் கேட்டு வாங்கி, ஒரே வகுப்பு, ஒரே பேருந்து, சென்ற மாதம் சேர்ந்து உட்கார்ந்தவர்கள் என்று எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தேன். நான்கு விநாடிகளில் பட்டியல் வந்தது. அம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தாள்.

"இதுங்க ரெண்டும் பேசிக்கறதில்ல. எங்க போட்டிருக்குது உன் மெஷின்?"

"தெரியும். அதான் வேற வேற மேசைல போட்டிருக்கு."

"அதான் தப்பு. சண்டக்காரங்கள ஒரே மேசைல போடணும். எதிர்ல போடக் கூடாது, மொறச்சிட்டே இருக்கும். பக்கத்துல போடணும். கொழம்பு வேணும்னா கேட்டுத்தான ஆகணும்? முடிஞ்சதும் தட்டு வேற கழுவணும்."

மறு வாரம் மீண்டும் பாயை விரித்தாள். என் நிரலுக்குத் தட்டச்சு வேலை மட்டும் கிடைத்தது.

நான் அந்தப் பள்ளியில் படிக்கவில்லை. நுழைவுத் தேர்வு எழுதினேன். முடிவு வந்த நாளில் அம்மா வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றியதும் சொன்னாள். "அறுபத்துநாலு. எடம் அறுபது. வா, சாப்பிடலாம்." அப்போதிருந்த தலைமையாசிரியை, ஊழியர் மகள் என்று ஓர் இடம் கூட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அம்மா மறுத்துவிட்டாள். அன்று இரவு அப்பா இதைக் கேட்டுச் சத்தம் போட்டார்.

"பெத்த பொண்ணுக்கு ஒரு வார்த்த கேக்க மாட்டியா? அவங்களே குடுக்கறேன்றாங்க!"

"அறுபத்தொண்ணு, அறுபத்திரெண்டு, அறுபத்திமூணு. இந்த மூணு பேரு நாளைக்கு ஜன்னல்ல வந்து நிப்பாங்க. நான் அவங்களுக்கு இன்னான்னு சொல்றது?"

ஒன்பது நாட்கள் நான் அவளோடு பேசவில்லை. ஒன்பது நாட்களும் என் தட்டைக் கழுவினாள்.

உள்ளே வராத பெண்ணுக்காக ஒரு வார்த்தை பேசாதவள், உள்ளே வந்துவிட்ட பெண்ணை எளிதில் வெளியே விட மாட்டாள். டிசி கேட்டு விண்ணப்பம் வந்தால் அது அவள் மேசை வழியாகத்தான் தலைமையாசிரியையிடம் போக வேண்டும். அம்மா அதை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு, அந்தப் பெண்ணின் வீட்டுக்குத் தொலைபேசி செய்வாள். "பானுவாரா ஊட்டக்கெ பர்தீனி," என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறேன் என்கிற ஆளை யாரால் வேண்டாம் என்று சொல்ல முடியும்? அந்த வாரப் பட்டியலில் அந்தப் பெண்ணின் துண்டை வைக்காமல் தன் கைப்பையில் எடுத்துப் போவாள். ஞாயிறு மாலை திரும்பி வந்து தன் கையால் வைப்பாள்.

இப்படிப் பதினொரு வீடுகளில் சாப்பிட்டிருக்கிறாள். ஏழு பெண்கள் தங்கினார்கள். நால்வர் போனார்கள்.

"அங்க போய் இன்னாதான் பேசுவ?"

"ஒண்ணும் பேச மாட்டேன். அந்தப் பொண்ண என் வலப்பக்கம் உக்கார வெச்சிக்குவேன். சாப்பிட்டதும் அது தட்ட எடுத்துட்டுப் போய்க் கழுவுவேன். வாணா ஆன்ட்டி, வாணா ஆன்ட்டின்னு பின்னாடியே வரும். கொழாகிட்ட நின்னுதான் எல்லாப் பொண்ணும் பேச ஆரம்பிக்கும்."

"எனக்கு எந்த ஆன்ட்டி வந்தாங்க?"

"நீ உள்ளயே வரலியேடி!" என்று உடம்பு குலுங்கச் சிரித்தாள். என்னாலும் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

பன்னிரண்டாவது வீடுதான் சந்தாபுரா. பெண்ணின் பெயர் ஷ்ரேயா. எட்டாம் வகுப்பு. விடியும் முன்பே வீட்டை விட்டுக் கிளம்பி, இரண்டு பேருந்து மாறி வருகிறவள். அவளைப் பற்றி அந்த வெள்ளிக்கிழமை, பாயில் குனிந்தபடியே அம்மா சொன்னாள். முதல் பரீட்சைத் தாள்களைத் திருப்பிக் கொடுத்த நாளில் அவள் ஜன்னலில் வந்து அழுதிருக்கிறாள். எனக்கு இந்த ஸ்கூலுக்குத் தகுதியில்லை, நான் கடைசி ஆளாகத்தான் உள்ளே வந்திருப்பேன் என்று விடாமல் தேம்பியிருக்கிறாள். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"கடைசியா? நீ முப்பத்தொண்ணுடின்னு சொல்லிட்டேன். அறுபதுல முப்பத்தொண்ணு, சந்தோசப்படும்னு நெனச்சேன். அழுகைய நிறுத்திட்டு அப்படியே என்னையே பாத்துச்சு. அதுங்க ஊர்ல ஏழு வருசமா அதான் ஃபர்ஸ்ட்டாம். அடுத்த வாரமே அவங்கப்பா டிசி லெட்டரோட வந்து நின்னுட்டாரு. இருபத்தொம்போது வருசம் வாய மூடிட்டிருந்தேன். ஒரு நாளு தொறந்தேன்."

"ஆறுதலுக்குத்தான சொன்ன?"

"ஆறுதலுக்கு நம்பரயா குடுப்பாங்க?" ஒரு பச்சைத் துண்டை எடுத்து ஆறாம் மேசையிலிருந்து ஒன்பதாம் மேசைக்கு மாற்றினாள். "உனக்குக் குடுத்தப்பவே எனக்கு புத்தி வந்திருக்கணும்."

இருபத்தோரு ஆண்டுகளில் அந்த எண்ணைச் சொன்னதைப் பற்றி அவள் பேசியது அந்த ஒரு முறைதான். நான் ஒன்பதாம் மேசையைத் தட்டச்சு செய்தேன்.

சனிக்கிழமை காலை ஏழு பத்துக்குக் குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். நெஞ்சை அடைக்கிறது என்றாள். ஏழு நாற்பதுக்கு ஆம்புலன்ஸ் வந்தது. எட்டு ஐந்துக்கு மருத்துவமனையில் முடிந்துவிட்டது என்றார்கள். இந்த நேரங்களை நான் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். எதற்கு என்று தெரியவில்லை.

ஞாயிறு மாலை, சுடுகாட்டிலிருந்து வந்து குளித்த பிறகு, கணினியைத் திறந்து பட்டியலைப் பள்ளிக்கு அனுப்பினேன். இருபத்தொன்பது ஆண்டுகளில் ஒரு திங்கட்கிழமையும் பட்டியல் தவறியதில்லை. அதில் பதினாலாவது மேசையின் ஒன்பதாவது இடத்தை நான் நிரப்பவில்லை. அந்த இடத்தை அப்படியே விடு என்று அம்மா சொல்லியிருந்தாள். சொன்னதைச் சொன்னபடி செய்வது என் தொழில்.

பதினோராம் நாள் தலைமையாசிரியை நிருபமா வந்தார். அம்மாவின் இழுப்பறையில் இருந்தவற்றை ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். மூக்குக் கண்ணாடி உறை, ஊக்குகள், நான்கு பென்சில்கள். தனியாக ஒரு தாள் வைத்திருந்தார். ஷ்ரேயாவின் அப்பா கொடுத்த விண்ணப்பம். மூலையில் அம்மாவின் பென்சில் எழுத்து: "நான் சந்தாபுரா போய் வரும்வரை கையெழுத்து வேண்டாம்."

"அந்தப் பொண்ணு இன்னும் வருதா மேடம்?"

"வர்றா. ஆனா கிளாஸ்ரூம்லயே தனியா உக்காந்து சாப்பிடறா." அவர் கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்தார். "போர்டுல போய்த் தன் பேரத் தேடியிருக்கா. எந்த மேசைலயும் இல்ல. அம்புஜம் ஆன்ட்டியே என் பேர எடுத்துட்டாங்கன்னு சொல்றா. நாங்க எவ்ளோ சொல்லியும் கேக்கல. அம்புஜத்தோட ஹ்யாண்ட் ரைட்டிங் மாதிரி அந்த லிஸ்ட், சிந்து. நேத்து திங்கக்கெழம நான் புதுசு போட்டிருக்கணும். கழட்ட மனசு வரல. ரெண்டாவது வாரமும் அதே லிஸ்ட்தான் போர்டுல இருக்கு."

பிழை எங்கே என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டே நாள் காலியாக இருக்க வேண்டிய இடத்தை நான் காலியாகவே அனுப்பியிருந்தேன்.

"அவங்கப்பா நேத்தும் ஃபோன் பண்ணாரு," என்றார் நிருபமா. "வர்ற திங்கக்கெழம சைன் பண்ணித்தான் ஆகணும். அதுக்கு மேல நிறுத்தி வெக்க முடியாது."

அவர் போன பிறகு அம்மாவின் கைப்பையைத் திறந்தேன். அதுவரை யாரும் தொடவில்லை. மருந்துச் சீட்டு, பஸ் பாஸ், சில்லறை. உள் அறையில், துணியோடு சேர்த்து ஊக்கு குத்தி, மஞ்சள் துண்டு. முன்பக்கம் 'ஷ்ரேயா, 8'. பின்பக்கம் பென்சிலில்: "சந்தாபுரா சர்க்கிளில் இறங்கி, மாரியம்மன் கோயில் சந்து, மூன்றாவது வீடு, நீல கேட். மோர் பிடிக்காது."

மோர் பிடிக்காதது அந்தப் பெண்ணுக்கு. மேசை போட அம்மாவுக்கு இவ்வளவும் தெரிந்திருக்க வேண்டியிருந்தது.

அம்மாவின் கைபேசியில் எண்ணைத் தேடி எடுத்து அந்த வீட்டுக்குத் தொலைபேசி செய்தேன். ஒரு பெண்மணி எடுத்தார். யார் என்று சொன்னேன். அம்மா சொல்கிற அதே வாக்கியத்தைச் சொன்னேன். என் கன்னடம் அம்மாவுடையதைப் போல நன்றாக இருக்காது. "பன்னி," என்று கன்னடத்தில் வரச் சொன்னார் அந்த அம்மா.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மணி ஒன்பதரை. மஞ்சள் துண்டு என் சட்டைப் பையில் இருக்கிறது. கூடத்தில் பாய் சுருட்டியபடியே சுவரோரம் நிற்கிறது. மாலை வந்து அதை விரிக்க வேண்டும், விரிப்பேன். அப்பா சமையலறையில் அரிசி டப்பாவைத் திறந்து, இரண்டு டம்ளர் அளந்து பாத்திரத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு அரிசி வைக்காதீங்கப்பா," என்றேன்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பாத்திரத்திலிருந்து ஒரு டம்ளர் அரிசியை அள்ளி, ஒரு மணி சிந்தாமல், டப்பாவிலேயே திரும்பக் கொட்டினார்.